சாக்பீஸ் அண்ணனின் ஆறாவது வழி

செல்வி, முத்து, கேளுங்கள்! நான் மைசூருக்கு வந்த நாளிலிருந்து என் ரத்தத்தை அவ்வளவு கொதிக்க வைத்தவர் சாக்பீஸ் அண்ணன் ஒருவர்தான். நேற்று கம்ப்யூட்டரில் டைனமிக் புரோகிராமிங் என்று, முன்னால் எண்ணியதை எழுதிவைத்து அதிலிருந்தே அடுத்ததை எண்ணும் ஒரு கணக்கைக் காட்டினீர்களே, அதைப் பார்த்ததும் பழைய கோபம் திரும்பிவிட்டது.

நான் மூட்டை தூக்கிய ஊதுபத்திக் கம்பெனியில் சரக்கு லிஃப்ட் அவர் பொறுப்பு. ஹனூர்ப் பக்கத்துக்காரர். லிஃப்ட் தொண்ணூறு கிலோதான் தாங்கும். மூட்டைகளின் வரிசையும் மாறக் கூடாது. ஏற்றினோமா, அனுப்பினோமா என்று இருக்க வேண்டாமா? இந்த மனிதர் ஸ்டூலை விட்டு எழுந்து, வரிசையை எத்தனை விதமாகப் பிரித்து அனுப்பலாம் என்று எண்ணி, ஒவ்வொரு மூட்டையின் முன்னாலும் அதுவரைக்குமான எண்ணிக்கையைத் தரையில் சாக்பீஸால் எழுதின பிறகுதான் பொத்தானை அமுக்குவார்!

"ஒரு வழி போதாதாண்ணே?"

"ஒண்ணே ஒண்ணுன்னா பயம் கண்ணு. நாலஞ்சு இருந்தாத்தான் தைரியம்."

ஒருநாள் முப்பது, நாற்பது, இருபது, ஐம்பது கிலோவில் நாலு மூட்டை. ஒன்று, இரண்டு, நாலு என்று எழுதிக்கொண்டே கடைசி மூட்டைக்கு வந்தார். "இது தனியாப் போனா, முன்னாடி மூணுக்கும் நாலு வழி. எழுதியிருக்குதில்ல? பக்கத்து மூட்டையோட போனா, முன்னாடி ரெண்டுக்கும் ரெண்டு வழி. இன்னொண்ணையும் சேர்த்தாத் தாங்காது. ஆக, ஆறு."

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஆத்திரத்தில் நானே விரல் மடக்கி எண்ணினேன். ஐந்து!

"அஞ்சுதாண்ணே! தப்புக் கணக்குக்கா எங்களை நிக்க வெச்சீங்க?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "ஏன்ரீ, இது லிஃப்டா, ஸ்கூலா? ஆறையும் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலிருந்து லிஃப்ட் பக்கம் வராதீங்க."

"ஒருக்கா எண்ணி எழுதினத மறுபடி எதுக்குங்க எண்ணோணும்?"

திமிரைப் பாருங்கள்! வாயைத் திறந்தால் முத்தா உதிரும்? மறுநாள் அவரை வாட்ச்மேனாக்கினார்கள். அந்த மாதமே ஊருக்குப் போய்விட்டார். லிஃப்ட் என் கைக்கு வந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, லிஃப்ட் முனகியது. மெக்கானிக் சொன்னார்: "இன்னைக்கு ஒவ்வொரு மூட்டையா அனுப்புப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு மூட்டைக்கு நாலு நடை! எந்த மடையன் அப்படி அனுப்புவான் என்று அந்த ஆறாவது வழியை நான் அன்று எண்ணவே இல்லை. மேனேஜரிடம் ஓடி, அண்ணன் கணக்குதான் சரி என்றேன்.

"ஆயித்து பிடிரீ, முடிஞ்ச கதை" என்றார், தலை நிமிராமல்.

எனக்கு இன்றைக்கும் கோபம்தான். யார் மேல் என்று கேட்காதீர்கள்.

அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நாலு மூட்டையைத் தனித்தனியாக மேலே அனுப்பினேன். நாலு தடவையும் நின்றுகொண்டேதான் பொத்தானை அமுக்கினேன். அந்த ஸ்டூலில் உட்கார மனசு வரவில்லை.