நாற்பது குரல்களைத் தாங்கும் பெட்டி

இருபத்தோராவது குரலைச் சேர்த்ததும் கம்ப்யூட்டர் கடுகு தாளிக்க ஆரம்பித்தது.

காஸ்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். திரையில் பாட்டுக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில்தான் சட், சட், சடசட. பிறகு எல்லாம் உறைந்துபோய் ஒரே ஒரு 'ஆ' மட்டும் முடிவில்லாமல் நீண்டது. அது அவனுடைய 'ஆ'. சோதனைக்காகத் தானே பெண்குரலில் கீர்த்தனை பாடி, அதையே நகலெடுத்து நகலெடுத்து அடுக்கியிருந்தான்.

"யாரு செத்தாங்க?" என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஹில்டா கேட்டாள்.

"யாரும் சாகல. டெஸ்ட் பண்றேன்."

"நெஜமாவே செத்தாக்கூட இவ்வளவு நேரம் அழ மாட்டாங்க. கிழங்கை வேகவிடுறதா, கரண்டை உன் பொட்டிக்கே குடுக்குறதா? மீட்டரு கத்துது பாரு."

மீட்டர் கத்தத்தான் செய்தது. முன்பணம் கட்டிய மின்சாரம் தீரும்போது சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் வீடு வீடாகக் கேட்கும் அதே கீச்சு. காஸ்பர் அதைக் காதில் வாங்காமல் அடுத்த பெட்டிக்குக் கம்பியை மாற்றினான்.

வம்பை அவன் தன் வாயால்தான் விலைக்கு வாங்கியிருந்தான். மேட்டில் இருக்கும் புனித தெக்லா கோயிலின் அன்னையர் சங்கத்தில் நாற்பது பெண்கள் கொண்ட பாடகர் குழு இருக்கிறது. அவன் சொந்தக்காரப் பெண்களில் பாதிப் பேர் அதில்தான். ஹில்டாவும் அதில்தான். மறைமாவட்ட விழாவுக்கு அவர்கள் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து தரவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த தேநீரில் சங்கத் தலைவி அகதா அம்மா அந்த வேலையை அவனிடம் ஒப்படைத்தபோது, வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் தின்றிருக்கலாம். தின்னவில்லை.

"மொத்தப் பேரையும் ஒரே மைக் முன்னாடி நிறுத்திப் புடிக்கிறதெல்லாம் எங்கப்பா காலம், அம்மா. நான் ஒவ்வொருத்தருக்கும் தனி மைக், தனி டிராக் போடப்போறேன். யாரு குரல் எப்படின்னு துல்லியமாத் தெரியும்."

நாற்பது பிஸ்கட்டுகளும் நாற்பது வாய்களுக்கு முன்னால் நின்றன.

"ஒவ்வொருத்தருக்குமா?" என்றார் அகதா அம்மா.

"ஒருத்தரக்கூட விடமாட்டேன்."

கோயில் கூடத்தில் விழுந்த அந்த மௌனத்தைக் காஸ்பர் நாள் முழுக்க மனதுக்குள் போட்டுப் போட்டுக் கேட்டான். தன் திறமைக்கு இந்த ஊர் முதன்முறையாகத் தலைவணங்கிய ஓசை அது என்று நினைத்தான்.

ஹில்டா தலைவணங்கவில்லை. அவளுடைய அண்ணன் துறைமுகத்து மீன் குளிர்கிடங்கில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். "இந்தப் பாட்டு நல்லா வந்தா நீ பாட்டுக்காரன். இல்லேன்னா திங்கக்கிழமை கையுறை மாட்டிக்கிட்டு மீன் அடுக்கப் போற" என்று அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். உறைந்த சூரைமீன்களை அடுக்கி அடுக்கி விறைத்துப்போன விரல்கள் கீபோர்டில் எப்படி நகரும் என்று நினைக்கும்போதே காஸ்பருக்குக் குளிர் எடுத்தது.

ஆக, நாற்பது குரலையும் பொரியாமல் தாங்கும் கம்ப்யூட்டர் வேண்டும். ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் முடிந்து மூட்டை கட்டியபோது, பிரிவுபசார விழாவில் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்ததற்காக அவர்கள் அவனிடம் தள்ளிவிட்டுப் போன பழைய பெட்டிகள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் அவன் பேர் வைத்திருந்தான். கறுப்பு உடம்பில் நீல விளக்கு மின்னுகிறவன் மைனர். சாம்பல் நிறத்தில், பார்த்தவுடன் மறந்துபோகும் முகமுடையவர் குமாஸ்தா. மூன்றாவது, மஞ்சள் பூத்து, மூலையில் துருப்பிடித்து, உள்ளே பல்லி குடியிருந்த கிழவன்.

மைனர் இருபத்தொன்றில் பொரிந்துவிட்டான். குமாஸ்தா முப்பது வரை வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் தானே அணைந்துகொண்டார். கிழவனைப் போட்டபோது காற்றாடி சரக்கு விமானம் போல உறுமியது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று குரல்களை ஏற்றிக்கொண்டே போனான். கிழவன் அசரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே யாரோ நினைவகத்தை இருமடங்கு சொருகி வைத்திருந்தார்கள். அந்த உதவித் திட்டத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

காஸ்பர் பல்லியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினான்.

மறுநாள் காலையில் வாசலில் டட்லி நின்றான். சித்தி மகன்.

"அண்ணே, உன்கிட்ட மூணு கம்ப்யூட்டர் இருக்காமே?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. உனக்கு மூணு எதுக்கு? உக்கார ஒரு புட்டம்தானே வச்சிருக்க?"

டட்லி அவனுக்கு வான்டோக். ஒரே மொழி, ஒரே ரத்தம், ஒரே தீவு. வான்டோக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் இந்த ஊரில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"மூணுமே ரிப்பேர்டா" என்றான் காஸ்பர்.

அதுதான் முதல் தப்பு. அரைமணி நேரத்தில் டட்லி ரிப்பேர் தெரிந்த இன்னொரு வான்டோக்கைக் கூட்டிவந்தான். அவன் ஸ்குரூ டிரைவரோடு தன் மைத்துனனையும், மைத்துனன் ஒரு கட்டுப் பாக்கையும் கொண்டுவந்தான். எல்லோரும் பாக்கைக் கடித்து, சுண்ணாம்பு தொட்டு, மூன்று பெட்டிகளையும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்குரூ டிரைவர் கிழவனின் மூடியை நெருங்கியபோது காஸ்பர் பாய்ந்து மைனரைத் தூக்கி டட்லியின் மடியில் வைத்தான்.

"இந்தா, இது ஓடும்! இதை எடுத்துக்க!"

"இதுதான் இருக்கிறதிலேயே நல்லதாண்ணே?"

"லைட்டைப் பாரு, எப்படி மின்னுது!"

டட்லி லைட்டைப் பார்த்தான். பெட்டியை எடைபோட்டுப் பார்த்தான். ஏனோ முழுத் திருப்தியில்லாத முகத்தோடு தூக்கிக்கொண்டு போனான். எப்படியோ மலிவாகத் தப்பித்தோம் என்று காஸ்பர் பெருமூச்சு விட்டான்.

தப்பிக்கவில்லை. சித்தி மகனுக்கே ஒன்று கொடுத்தவன் தாய்மாமனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஜெத்ரோ மாமா வரப்போகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் மேடேறி வந்தது.

காஸ்பர் தாமதிக்கவில்லை. குமாஸ்தாவைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளக்க வைத்தான். ஹில்டாவின் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை அவர் கழுத்தில் சுற்றினான். கிழவனை மூலைக்குத் தள்ளி, சேற்றை அள்ளிப் பூசினான். அது போதாதென்று தோன்றவே, வாயில் இருந்த பாக்குச் சாற்றையும் மேலே துப்பினான். போகிற போக்கில் ஒரு கோழி கிழவனின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. அதை அவன் விரட்டவில்லை.

ஜெத்ரோ மாமா வந்தார். பருத்த உடம்பு, மெல்லிய நடை. குமாஸ்தாவை ஒரு பார்வை, கிழவனை ஒரு பார்வை பார்த்தார்.

"இதை எடுத்துக்கங்க மாமா" என்று விளக்குச் சரத்தை ஏற்றிக் காட்டினான் காஸ்பர். "மாப்பிள்ளை மாதிரி இருக்கு பாருங்க."

மாமா மறுத்துத் தலையசைத்தார். "நல்லதை நான் எடுத்துக்கிட்டா, மருமகன்கிட்டப் புடுங்கிட்டான்னு ஊரு பேசும். எனக்கு அந்தக் கோழி உக்காந்திருக்கிறது போதும்."

காஸ்பர் கோழிக்கும் மாமாவுக்கும் நடுவே போய் நின்றான். "மாமா, அது வேண்டாம். அசிங்கம்."

"அசிங்கம்தான் எனக்குச் சரி. நான் மட்டும் என்ன அழகா?"

"மாமா, கேளுங்க! பாக்கத்தான் அப்படி. உண்மையிலே அதுதான் நல்லது! நாப்பது குரலையும் அது ஒண்ணுதான் தாங்கும்!"

மாமா பாக்கு மெல்வதை நிறுத்தினார்.

"நாப்பதையுமா?"

"நாப்பதையும்!"

"சோதிச்சுப் பாத்தியா?"

"நானே சோதிச்சேன் மாமா."

ஜெத்ரோ மாமாவின் கண் கலங்கியதுபோல் இருந்தது. அவர் காஸ்பரின் தோளைப் பிடித்து அழுத்தினார். "இருக்கிறதிலேயே நல்லதைத்தான் மாமனுக்குன்னு வச்சிருக்க. உங்கம்மா இருந்தா பூரிச்சுப் போயிருப்பாடா." கோழியை இறக்கிவிட்டு, கிழவனைத் தோளில் ஏற்றி, மெல்லிய நடையில் மேடிறங்கிப் போனார். பல்லியும் கூடவே போனது.

மிஞ்சியது எண்ணெய் பூசிய குமாஸ்தா. முப்பதில் அவர் மயங்குவது சூட்டினால்தான் என்று காஸ்பருக்குத் தோன்றியது. குளிர வைத்தால் இன்னும் பத்துக் குரல் தாங்க மாட்டாரா? ஊரில் பனிக்கட்டி மலையாகக் கிடக்கும் ஒரே இடம் மச்சானின் குளிர்கிடங்கு. போனான்.

"வந்துட்டியா!" என்று மச்சான் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும், புத்தி வந்துரும்னு." காஸ்பர் வாய் திறப்பதற்குள் ரப்பர் காலணியும் கையுறையும் மாட்டிவிடப்பட்டன. மேற்பார்வையாளரிடம் அறிமுகமும் ஆகிவிட்டது. ஐஸ்தான் வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அவன் ஒரு வண்டி மீனை அடுக்கியிருந்தான்.

அந்த ஐஸைப் பையில் கட்டிக் குமாஸ்தாவின் தலையில் வைத்தான். இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பத்திரண்டு. காஸ்பர் எழுந்து நின்றுவிட்டான். முப்பத்துமூன்றில் பை உருகி, மீன் தண்ணீர் நேராக உள்ளே இறங்கியது. குமாஸ்தா நீண்ட ஏப்பம் ஒன்று விட்டு அணைந்தார். வெயிலில் காயவைத்து உயிரூட்டியபோது சூரைமீன் வாடையோடு எழுந்து வந்தார். ஆனால் ஒரு டிராக்குக்கு மேல் எதைக் கொடுத்தாலும் பொரிந்தார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்னு அண்ணன்கிட்டக் கேக்கட்டுமா?" என்றாள் ஹில்டா. ஏனோ அவள் குரலில் கோபமே இல்லை.

பதிவு நாளன்று நாற்பது பெண்களும் சீருடையில், வெள்ளை மேல்சட்டையும் நீலப் பாவாடையுமாக, கோயிலில் வந்து நின்றார்கள். இறுதிச்சடங்குக்கு வந்தவர்கள்போல் எல்லார் முகமும் இறுகியிருந்தது. காஸ்பர் மீன் வாடையடிக்கும் பெட்டியைப் பீடத்தின் ஓரம் வைத்துவிட்டு அகதா அம்மாவிடம் போனான்.

"அம்மா, மன்னிச்சிருங்க. தனித்தனியாப் பதிவு பண்ண முடியாது. நல்ல பொட்டியெல்லாம் போயிருச்சு. ஒரே மைக்தான். எல்லாரும் சேந்துதான் பாடணும்."

அகதா அம்மா கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டார். பின்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

"அதனால என்ன தம்பி? கடவுளுக்கு எல்லாம் சேந்துதானே கேக்குது. புடி."

அவர்கள் பாடினார்கள். காஸ்பர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. திறந்த சன்னல் வழியாகக் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. நாற்பது வாய்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. ஒரு பிசிறில்லை. ஐந்தாறு பேர் பாடுவதுபோல் அவ்வளவு சுத்தம். பாதிரியார் மூக்கைச் சிந்தினார். குமாஸ்தா பொரியவில்லை.

விழாவில் அந்தப் பாட்டை இரண்டு முறை போட்டார்கள். பக்கத்துத் தீவின் பாடகர் குழு ஒன்று, எங்களையும் பதிவு செய்து தா என்று காஸ்பரைப் பிடித்துக்கொண்டது. ஹில்டா தன் அண்ணனிடம், "அவரு பாட்டுக்காரரு, மீனெல்லாம் அடுக்க மாட்டாரு" என்று சொன்னதைக் காஸ்பர் தன் காதாலேயே கேட்டான்.

பக்கத்துத் தீவுக்காரர்களுக்குத் தனித்தனிக் குரல்தான் வேண்டுமாம். அதனால் மறுவாரம் காஸ்பர் வெட்கத்தை விட்டு ஜெத்ரோ மாமாவின் வீட்டுக்குப் போனான். கிழவனைக் கொஞ்ச நாள் கடன் கேட்கலாம் என்று எண்ணம்.

மாமா வீட்டுக்கடியில், வீட்டைத் தாங்கும் கம்பங்களுக்கு நடுவே ஊஞ்சல் வலையில் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் பாயில் சுற்றிக் கட்டிய மூட்டைகள் இரண்டு. ஒன்றிலிருந்து பல்லி எட்டிப் பார்த்தது. இன்னொன்றின் ஓட்டை வழியாக மைனரின் கறுப்பு மூலை தெரிந்தது.

"மாமா, இது டட்லிக்குக் குடுத்தது ஆச்சே? ரெண்டையும் பிரிக்கவே இல்லையா?"

"பிரிச்சு என்ன பண்றது? இந்த வீட்டுக்குக் கரண்டே இல்ல. பதிவு முடிஞ்சுருச்சுல்ல, எடுத்துட்டுப் போ."

"அப்புறம் எதுக்கு மாமா வந்து கேட்டீங்க?"

ஜெத்ரோ மாமா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். மேலே அத்தை நடமாடுகிறாளா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"அந்த நாப்பது பேர்ல பாடத் தெரிஞ்சது அஞ்சே பேருதான் மருமகனே, மத்தவளுங்க எல்லாம் இத்தனை வருஷமா வாயை மட்டும்தான் அசைக்கிறாளுங்க, அதான் நீ தனித்தனியாப் புடிக்கிறதுக்குள்ள பொட்டிய எல்லாம் தூக்கிட்டு வந்துருங்கன்னு உன் ஹில்டா என்னையும் டட்லியையும் அனுப்பி வச்சா."