ஏழாவது பொருளான ஜீப்பின் சைலன்சர் குழாய்கள் பற்றி

நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.
பிப்ரவரி 18

மதிப்பிற்குரிய திரு. சூரியபிரகாஷ் அவர்களுக்கு,

மலைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பாண்டியம்மாளும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். கோயமுத்தூரில் நீங்களும் உங்கள் அப்பா அம்மாவும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலான சுகத்தோடு இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். 'மாப்பிள்ளை அவர்களுக்கு' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களுக்கும் ரோகிணிக்கும் விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆகிவிட்ட நிலையில் அப்படி எழுதலாமா கூடாதா என்று வக்கீலிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஆகவே மதிப்பிற்குரிய திரு. பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், இரு தரப்பும் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான்களின் பட்டியல் எங்களுக்குக் கிடைத்தது. அதில் ஏழாவதாக, எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் உங்கள் ஜீப்பை 'பெற்ற நிலையிலேயே' பிப்ரவரி மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தவன் நான். எழுத்தில் வந்துவிட்ட ஒன்றை அப்படியே நிறைவேற்றாமல் எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் வண்டியை முதன்முதலில் இங்கே கொண்டுவந்து நிறுத்திய அன்று அது எப்படி இருந்தது என்று நானும் பாண்டியம்மாளும் உட்கார்ந்து யோசித்தோம். மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடி வரும் அந்தப் பளபளப்பான சைலன்சர் குழாய்கள்தான் மாறிப்போயிருந்தன. அன்றைக்கு அதில் குனிந்து பார்த்துத்தான் பாண்டியம்மாள் நெற்றிப் பொட்டை நேராக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் இந்த இரண்டு வருடத்தில் அதன் மேல் புறா எச்சம், எப்போதோ உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பை, சோழவந்தான் பக்கம் வைகைக்குள் இறங்கினோமே அந்தச் சேறு வெந்து ஓடு மாதிரி பிடித்தது, போதாததற்கு அங்கங்கே துருப்புள்ளி என்று எல்லாம் சேர்ந்துவிட்டது. இதைத் துடைத்து, வந்தபடியே திருப்பித் தருவது என் பொறுப்பு என்று முடிவெடுத்தேன். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

முதல் யோசனை பாண்டியம்மாளுடையது. வெண்கலப் பானை தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது என்றாள். காய்ந்த சேறு இளகுவதற்கு வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கலாம் என்பது மட்டும் என்னுடையது. கால் மணி நேரம் ஓடவிட்டு இரண்டு குழாயிலும் புளிக்கரைசலை ஊற்றினேன். சுர்ரென்று ஒரு சத்தம். புளி முழுக்க அந்தக் குழாய்களிலேயே வெந்து, சுண்டி, கருகி, சேற்றோடு சேர்ந்து இரண்டாவது ஓடாகப் பிடித்துக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று கையை வைத்ததில் வலது கையின் இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. எதிர்வீட்டு அசோக்குமார், வேன் ஓட்டுகிறாரே அவர்தான், வாசலுக்கு வந்து, "என்னண்ணே, வண்டியிலயே சமையலா? புளிக்கொழம்பு வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வருது" என்றார். நான் விவரம் சொன்னேன். "இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு? கக்கூஸ் கழுவுற ஆசிட்ட ஊத்துங்க. ரெண்டே நிமிசம், கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்றார். வேன் வைத்திருப்பவர் சொன்னால் வண்டியைப் பற்றித் தெரிந்துதான் சொல்வார் என்று நம்பி, இடதுபக்கக் குழாயில் அரை பாட்டில் ஊற்றினேன். வெள்ளையாக நுரைத்தது. கழுவினால் உண்மையிலேயே பளபளப்பு. பாண்டியம்மாளைக் கூப்பிட்டு, "பாத்தியா" என்றேன். அவள் வந்து பார்க்கும்போதே ஒரு மங்கல் தட்ட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் மஞ்சள் பூத்தது. மறுநாள் காலையில் குழாய் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. அசோக்குமார் வந்து பார்த்துவிட்டு, "எங்க வேன்ல இப்படிக் குழாயே கெடையாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் டவுன் பஸ் பிடித்து சிம்மக்கல் போனேன். அங்கே உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சாய்குமார் என்பவரிடம் போகச் சொன்னார்கள். கல்லாவில் உட்கார்ந்து போனில் வீட்டாரோடு சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தவர், என் கைக் கட்டைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். நடந்தது அத்தனையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"ஐயா, அது முழுக்க வெள்ளி நிறத்துல இருக்கற இரும்பு இல்ல. அடியில இரும்பு, அதுக்கு மேல நிக்கல், அதுக்கும் மேல குரோம் முலாம். அந்த முலாம் வெங்காயச் சருகு கனம்கூட இருக்காது. ஆசிட் பட்டா அது போயிரும். இடதுபக்கம் இனி தேய்ச்சுப் பிரயோஜனம் இல்லீங்க. வலதுபக்கம் தப்பிச்சிருச்சா?"

"அதுல புளி மட்டுந்தான் இருக்கு."

"அப்பச் சரி. நல்லா ஆறின குழாயில மட்டும் கை வைங்க. சோப்புத் தண்ணியில ஊற வச்சுச் சேத்த எடுங்க. துருப்புள்ளி மேல, சப்பாத்தி சுத்துற வெள்ளித்தாள் இருக்குல்ல, அதத் தண்ணியில நனைச்சு மெதுவாத் தேய்ங்க. கடைசியா இந்தப் பாலிஷ், மெத்துன்னு ஒரு துணியில. கம்பி நார், உப்புத்தாள் எதுவும் கிட்டயே கொண்டு போகாதீங்க. போட்டா அன்னியோட முடிஞ்சது." பாலிஷ் டப்பாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "யாரு வண்டிங்க?" என்றார்.

"மாப்பிள்ளை வண்டி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாப்பிள்ளை எங்க இருக்காரு?"

"கோயமுத்தூர்ல."

"பொங்கலுக்கு வந்தாரா?"

"வேலை. லீவு கெடைக்கல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் இருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நாகமலை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

வலதுபக்கக் குழாய்க்கு நான்கு நாள் ஆனது. கட்டுப்போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, சாய்குமார் சொன்னபடி அங்குலம் அங்குலமாகத் தேய்த்தேன். முதலில் புளி போயிற்று. அப்புறம் அந்த வைகைச் சேறு பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்தது. அதை உடனே கூட்டித் தள்ளவில்லை. அன்றைக்கு ஆற்றுக்குள் பாதி தூரத்தில் சக்கரம் புதைந்து நின்றபோது, நான் பயந்துவிட்டதைக் கண்டுகொள்ளாதவர் மாதிரி, "மாமா, நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க, நான் தள்ளுறேன்" என்று இறங்கிப் போனீர்கள். ஊரார் நிலத்தை எல்லாம் அளவைக்காரர்களோடு நடந்தே சுற்றியவன் நான். அறுபத்திரண்டு வயது வரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. என்னைக் கீழக்குயில்குடியில் மலைக்குக் கீழே, காய்ந்த கண்மாய்க்குள் கூட்டிப்போய், நாலு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். நான் கியரை மாற்றும்போதெல்லாம் வண்டி குதிரை மாதிரி துள்ளும். ஒரு தடவைகூட நீங்கள் பல்லைக் கடித்ததில்லை. உங்களுக்கும் ரோகிணிக்கும் என்ன ஆயிற்று என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி, "யார் மேலயும் தப்பு இல்ல, ஒத்து வரல" என்றீர்கள். யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் என் மகள், அவள் பக்கம்தான் நிற்பேன், நிற்கிறேன். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். இதையெல்லாம் இந்தக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. குழாய் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் பாலிஷ் போட்டு முடித்தபோது அந்தக் குழாய் புதிதாக வந்து இறங்கியது போல ஆகிவிட்டது. மேலே ஓடும் மேகம்கூடத் தெரிந்தது. பாண்டியம்மாள் வந்து பார்த்து, "அந்தத் தம்பி இதப் பாத்தா சந்தோசப்படும்" என்றாள். உங்களை இப்போது அவள் 'அந்தத் தம்பி' என்றுதான் சொல்கிறாள். ஒன்று காப்பாற்றியாயிற்று, மற்றதற்கு ஏதாவது வழி பார்க்கலாம் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி ஒரு நாள்தான். மறுநாள் காலையில் லேசாகத் தூசி தட்டலாம் என்று துணி கேட்டேன். அவசரத்தில் பாண்டியம்மாள் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நானும் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பார்க்காமல் தேய்த்துவிட்டேன். முலாம் சருகு சருகாக வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே லட்சணம்.

ஆகவே இரண்டு குழாயையும் கழற்றி முலாம் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். பழையதைச் சுரண்டி, மறுபடி முக்கி எடுக்கக் குறைந்தது ஒரு மாதம், வேலை கூடினால் இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். குழாய் இல்லாத வண்டியைக் கொடுப்பது 'பெற்ற நிலை' ஆகாது என்பதால், தாங்கள் தயவுசெய்து கெடுவை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை டிரைவர் யாரையும் அனுப்ப வேண்டாம். தயாரானதும் நானே எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவை நான் மிகவும் கேட்டதாகச் சொல்லவும். உங்களுக்கு இனி அமையப்போவது எல்லாம் நல்லதாகவே அமைய வேண்டும். எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் போல உண்டு. அதை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

அன்புடன்,
ச. மலைச்சாமி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் பாண்டியம்மாள் இதை வாங்கிப் படித்தாள். கம்பி நார் விஷயத்தை மாற்றி எழுதினால்தான் தபாலில் போட விடுவேன் என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானே அடுப்படிக்குப் போய் எடுத்தேன். கண்ணாடியும் போட்டிருந்தேன். சாய்குமார் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. குழாய் அவ்வளவு அழகாக வந்துவிட்டதே, மற்றதும் இப்படி ஆகிவிட்டால் ஒப்படைக்காமலிருக்க ஒரு காரணமும் இருக்காதே என்றுதான் தேய்த்தேன். பட்டறையில் நான் எதையும் கொடுக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்பதெல்லாம் நானாக எழுதியது. குழாய்கள் வண்டியில்தான் இருக்கின்றன. துருப்பிடித்திருந்தாலும் வண்டி நன்றாக ஓடும்.

"எம்மேல ஏன் பழியப் போடுறீங்க? நீங்க தேய்ச்சப்ப நான் கதவோரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

"பாத்தவ ஏன் தடுக்கல?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் வண்டி போகணும்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிரைவரை நாளைக்கே அனுப்பலாம். வண்டிச் சாவியை இந்த உறையிலேயே வைத்து ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இங்கே இருந்தால் நாங்கள் இன்னும் என்னென்ன செய்வோம் என்று சொல்வதற்கில்லை.