மூணு நிமிஷ அக்காவின் பச்சை க்ரீம்

திருவண்ணாமலையில் யார் பேச்சையும் எந்த இடத்திலும் நறுக்கென்று வெட்டும் உரிமையோடு பிறந்தவர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் மூணு நிமிஷ அக்கா. அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்போதும் எழுத உட்கார்ந்ததுமே காது சூடாகிறது.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க்கால் போர்டில் உட்காருபவர். இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, “மூணு நிமிஷம் ஆயிடுச்சுங்க” என்று சொல்வது அவர் உத்தியோகம். பதினைந்து வருடம் சொல்லிச் சொல்லி அது ரத்தத்தில் கலந்துவிட்டது. வாடகை வீட்டின் சொந்தக்காரர் தண்ணீர்ச் சண்டைக்கு வந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “மூணு நிமிஷம் ஆயிடுச்சுங்க. மீதிய நாளைக்கி புக் பண்ணுங்க” என்று கதவைச் சாத்துவார். கோவிலில் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டு நீட்டினால், “போதும் சாமி, அவருக்குக் கேட்டிருக்கும்” என்பார். ஒரு சாவு வீட்டில் அழுத அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சரியாக மூன்றாவது நிமிடம் அந்த அம்மாளின் கையை எடுத்துப் பக்கத்தில் நின்ற என் கையில் வைத்து, “லைன் குடுத்துட்டேன், பேசும்மா” என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டைத் துக்கம் என்று நினைத்து எல்லோரும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தேரடிக்குப் பின்னால் எங்கள் சந்தில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தார். ஏன் தனியாக என்று விசாரிக்கத் தெருவுக்கு மூன்று நிமிடம் போதவில்லை.

இந்த அக்காவுக்குப் பச்சை க்ரீம் பைத்தியம் பிடித்தது ஒரு ஜப்பான் அம்மாவால். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த அவர் தன் ஊருக்குப் பேச அடிக்கடி எக்ஸ்சேஞ்சுக்கு வருவார். ஊருக்குக் கிளம்பும்போது தங்கள் நாட்டுப் பச்சை டீத்தூளை ஒரு டப்பா நிறைய அக்காவிடம் கொடுத்தார். மெட்ராஸில் விமானம் ஏறும் முன் போன் போட்டு, அந்தத் தூளை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் குழைத்துக் கேக் மேல் பூசும் விதத்தை உடைந்த இங்கிலீஷில் சொன்னார். அக்கா ட்ரங்க்கால் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த அம்மா, “முக்கியமா ஒண்ணு. அத மட்டும் மறக்காம...” என்று தொடங்கினார்.

மூன்று நிமிடம் முடிந்தது. அக்கா லைனை வெட்டிவிட்டார்.

“உங்களுக்கு வந்த போன நீங்களேவா வெட்டினீங்க?” என்று கேட்டேன்.

“எனக்குன்னா நாலு நிமிஷமா? ரூல்னா ரூலு.”

“அந்த முக்கியமான விஷயம்?”

“அதான் தெரியல. கண்டுபுடிக்கணும்.”

அன்றிலிருந்து கண்டுபிடிக்கத் தொடங்கினார். சர்க்கரை மாவு போல இருக்க வேண்டும் என்று சீட்டில் இருந்தது. மாவு மிஷினில் கொடுத்தார். மிஷின்காரர் மிளகாய்த்தூளுக்கு அடுத்ததாக அதை அரைத்துக் கொடுத்தார். முதல் க்ரீமைச் சாப்பிட்ட என் கணவர் கண்ணில் நீர் வழிய, “ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அன்று மிளகாய் உதவியது.

இரண்டாவது முறை சித்திரை மாதம். எங்கள் ஊரில் மலையும் சேர்ந்து அனல் அடிக்கும் மாதம். குழைத்த க்ரீம் ரசமாக ஓடியது. “முக்கியமான விஷயம் குளுமைதான்” என்று முடிவு கட்டி, பானையில் ஈர மணல் கொட்டி, அதற்குள் வெண்ணெய்ச் சட்டியைப் புதைத்தார். மூன்றாவது முறை க்ரீம் நின்றது. ஆனால் நடுநடுவே பச்சைக் கட்டிகள். அதில் ஒரு டம்ளர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் வாங்கினார். பச்சிலையை வெண்ணெயில் குழைத்த மருந்து என்று நினைத்து, இரண்டு முழங்காலிலும் வழித்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “அது நக்கிப் பாக்கறதுங்கம்மா!”

“நக்கறதோ தடவறதோ, வலி சுத்தமா கம்மியாயிடுச்சு” என்றார் மாமியார்.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: “இன்னாடி இது, காலு இருக்கற எடமே தெரியல. கஞ்சா எலய அரைச்சுப் போட்டாதான் இப்புடி மரத்துப் போவும். வெள்ளக்காரங்க சகவாசம் அதுக்கு. நீ படிச்ச பொண்ணு, பாத்துக்க.”

நான் பி.ஏ. படித்தவள். சத்தமாகச் சிரித்துவிட்டு உள்ளே போனேன். ஆனால் அந்தச் சொல் என் கூடவே உள்ளே வந்துவிட்டது. கிரிவலப் பாதையில் சில சாமியார்கள் புகைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தூளும் பச்சை. இருக்காது என்று அடுப்பைப் பற்றவைப்பேன். இருந்தால் என்று அணைப்பேன். என் மகள் வித்யாவின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் செய்து தரும்படி நான்தான் அக்காவைக் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சும்மா இருக்கவும் மனம் வரவில்லை.

பிறந்தநாள் அன்று அக்கா லீவு போட்டார். இட்லிக் குண்டானில் மணல் பரப்பி, மூடிமேல் கங்கு கொட்டிக் கேக் சுட்டார். அதன் மேல் இளம்பச்சையில் க்ரீம் பூசி, முள்கரண்டியால் அலை அலையாகக் கோடு இழுத்திருந்தார். கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவது போல அதை ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தார். என் கணவரின் ஆபீசர் மனைவியோடு வந்திருந்தார்.

“என்னங்க இது, பச்சையா?” என்றார் அந்த அம்மாள்.

அக்கா பெருமையாகச் சொன்னார்: “எலைத்தூளுங்க. ஆசிரமத்துப் பக்கத்துலேர்ந்து வந்தது. உள்ள போனா மனசு அப்படியே அடங்கிடுமாம். அவங்க ஊரு சாமியாருங்க தியானத்துக்கு முன்னாடி இதத்தான் குடிப்பாங்களாம்.”

நான் வித்யாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டேன். அக்கா ஒரு விரல் க்ரீமை வித்யாவுக்கு ஊட்டினார். அவள் சப்புக்கொட்டினாள். இன்னொரு விரலும் வாங்கிக்கொண்டாள். பத்தே நிமிடத்தில் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். எழுப்பினேன். எழவில்லை.

“ஐயோ, குழந்தைக்குக் கஞ்சா குடுத்துட்டாங்க!”

கத்தியது நான்தான். ஆபீசர் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். அக்கா கத்தியும் கையுமாக அப்படியே நின்றார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆதாரத்துக்கு ஒரு உருண்டை க்ரீமை இலையில் மடித்துக்கொண்டு, வழிநெடுக அதையே சொல்லி அழுதபடி ரிக்‌ஷாவில் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். க்ரீமை முகர்ந்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“யாரு செஞ்சது இது?”

“டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருக்கறவங்க டாக்டர்” என்று காத்திருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

“டீம்மா இது. சக்கர கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி அருமை. பாப்பா மத்தியானம் தூங்குச்சா?”

தூங்கவில்லை. புதுச் சட்டை, வீடு நிறைய ஆள், எங்கே தூங்கும்? அந்த நேரத்தில் வித்யா கண் விழித்து, டாக்டரின் பச்சை விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் இருக்குதாம்மா?” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது யாரும் இல்லை. என் பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா போயிருந்தார். கேக்கையும் எடுத்துப் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அது ‘கஞ்சா கேக்’ ஆயிற்று. ட்ரங்க்கால் புக் செய்கிறவர்கள்கூட, “இன்னா மேடம், இன்னிக்கி கேக் இல்லியா?” என்று கேட்டுவிட்டுத்தான் நம்பர் சொன்னார்களாம். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தாராம். “மூணு நிமிஷத்துல முடிங்க சார், போர்டுல ஆளில்லாம இருக்குது” என்றாராம் அக்கா. இதை எனக்குச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

அக்கா என்னிடம் முகம் திருப்பவில்லை. குழாயடியில் பார்த்தால் பேசினார். வித்யாவுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும், ‘மன்னிச்சிடுங்கக்கா’ என்று ஆரம்பிக்கத்தான் நினைப்பேன். ஆனால் மழை வருமா என்பேன், ரேஷனில் பாமாயில் வந்ததா என்பேன், குழந்தைக்குப் பல் முளைப்பதைச் சொல்வேன். அதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் வெட்டியதும் எனக்குள் ஒரு நிம்மதி வரும். வீட்டுக்கு வந்து அந்த நிம்மதிக்காக வெட்கப்படுவேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அக்காவுக்குத் தர்மபுரிக்கு மாற்றலாகிவிட்டது. என்னால்தானா என்று கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. போகும்போது மீதித் தூள் இருந்த டப்பாவையும் அந்தச் சீட்டையும் என்னிடம் கொடுத்தார். “கண்டுபுடிச்சா சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

போன மாதம் வித்யாவுக்கு நான்கு வயது நிறைந்தது. டப்பாவைத் திறந்தேன். தூளின் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, வாசனை இருந்தது. மிக்ஸியை மூன்று தடவை கழுவிச் சர்க்கரையை அரைத்தேன். ஈர மணலில் வெண்ணெயைப் புதைத்தேன். குழந்தை விஷயத்தில் நான் எதையும் சலிக்காமல் போடமாட்டேன். அன்றைய பயத்தில் பச்சைத்தூளையும் மெல்லிய துணியில் சலித்தேன். க்ரீம் ஒரு கட்டிகூட இல்லாமல் தளிர் போல வந்தது. வித்யா கிண்ணத்தை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு நக்கினாள்.

மறுநாள் தபாலாபீசுக்குப் போய்த் தர்மபுரி எக்ஸ்சேஞ்சுக்கே ட்ரங்க்கால் புக் செய்தேன்.

“அக்கா, நான்தான். அங்க மழைங்களா?”

“மழையெல்லாம் இருக்கட்டும். பாப்பா எப்படி இருக்குது?”

வித்யா பள்ளிக்கூடம் போவதைச் சொன்னேன். மாமியாரின் முழங்காலைச் சொன்னேன். மணலைச் சொன்னேன், வெண்ணெயைச் சொன்னேன்.

“கட்டி தட்டலியா?”

“இல்லக்கா. தூளச் சலிச்சிட்டேன்.”

“அடிப்பாவி! அதான்! அந்த அம்மா சொல்ல வந்த முக்கியமான விஷயம் அதான்!” அக்கா இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

“அக்கா, முக்கியமா இன்னொண்ணு...” என்றேன்.

எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சின் புதுப் பெண் குரல் நடுவில் புகுந்தது. “மூணு நிமிஷம் ஆயிடுச்சுங்க. கட் பண்ணட்டுங்களா?”

“பண்ணாதம்மா” என்றார் அக்கா. “இன்னொரு மூணு நிமிஷம் குடு. இந்தப் பொண்ணு மூணு வருஷமா ஒரே ஒரு வார்த்தைய வெச்சிக்கினு திண்டாடுது.”

அந்த மூன்று நிமிடமும் நான் அழுதேன். அக்கா லைனிலேயே இருந்தார்.