இரண்டாம் ஓலைக்கு எழுந்த ஆட்சேபணை

விஸ்வநத்தம்,
வியாழக்கிழமை.

விருதுநகரில் நலமாக இருக்கிறவரும், இன்னமும் எனக்குச் சம்பந்திதான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறவருமான மரியாதைக்குரிய அருளப்பன் அவர்களுக்கு, சவரிராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஞானபூரணி, மகள் ஜாஸ்பின் மூவரும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன், உண்மை நிலவரம் கீழே வருகிறது. தாங்களும் தங்கச்சியும் மாப்பிள்ளை காலேப்பும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் ஞானபூரணி ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அப்புறம் பேசுவது அவளாகத்தான் இருக்கும். தவிர, நான் பட்டாசுக் கம்பெனி போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்ன விபத்து நடந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தே பழகிவிட்டது.

நம் பிள்ளைகளின் கல்யாண ஓலையை உங்கள் கோவிலிலும் எங்கள் கோவிலிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டுமல்லவா? முதல் ஓலை குறையில்லாமல் முடிந்தது. போன ஞாயிறு பூசையில் ஃபாதர் இரண்டாம் ஓலையை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சொல்லிவிட்டு, யாரும் தெரிவிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் பொங்கல் விழா அறிவிப்புக்குப் போய்விட்டார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். எந்த வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சல் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுப் பெண்தான். “ஃபாதர், எனக்கு ஆட்சேபணை இருக்கு” என்றாள். ஃபாதருக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “கல்யாணப் பொண்ணே நீதானம்மா?” என்றார். “ஆமா ஃபாதர், அதான் எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள். பாடகர் குழுவில் யாரோ சிரித்த சத்தம் மைக்கில் கேட்டது. எனக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது, முட்டி போட்டுவிட்டேன். அது உட்கார வேண்டிய நேரம்.

இந்தச் செய்தி உங்கள் காதுக்கு வரும்போது, பெண்ணுக்கு வேறு இடத்தில் இஷ்டம் என்று திரிந்து வந்ததாகக் கேள்விப்பட்டேன். சத்தியமாக அப்படி ஒரு இடமும் கிடையாது. எல்லாத்துக்கும் காரணம் ஒரு ஜப்பான்காரன் வரைந்த படக்கதை. மாங்கா என்று பெயராம். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் மாடிக்கு அனுப்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? இறங்கி வரவே இல்லையே! கேசரி ஆறிப்போய், திரும்பச் சூடு பண்ணி, அதுவும் ஆறிப்போய், நீங்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோமே. வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தங்கச்சி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டது. சம்பந்தி, அவர்கள் பேசியது முழுக்க இந்தக் கதையின் வில்லனைப் பற்றித்தானாம். இரண்டு பேருக்கும் அவன் என்றால் உயிராம். அந்தப் பொருத்தத்தில்தான் கல்யாணமே நிச்சயமாகியிருக்கிறது, நாம் என்னவோ நம்மால் நடந்தது என்று பலகாரம் மாற்றிக்கொண்டோம்.

இப்போது சண்டையும் அதே கதையின் முடிவைப் பற்றித்தானாம். பிள்ளைகள் சண்டை போடுவது எதற்காக என்று தெரியாமல் எப்படிச் சமாதானம் செய்வது? அதனால் அவள் அலமாரியில் இருந்த அத்தனை பாகத்தையும் இறக்கி வைத்து வாசிக்க உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது லைசென்ஸ் புதுப்பிக்கிற இங்கிலீஷ் மட்டும்தான். ஞானபூரணி டீச்சராக இருந்தவள், அவள் வாசித்துச் சொல்ல நான் படம் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டுமாம், யாருக்குத் தெரியும்? முதல் பாகத்தை நாங்கள் நம் வழக்கப்படி வாசித்ததில், எரிந்த வீடெல்லாம் எழுந்து நின்று, வில்லன் திருந்தி, பிறந்தநாள் கொண்டாடி முடிந்தது. “நல்ல கதையாத்தானே இருக்கு” என்று ஞானபூரணி மூக்கைச் சிந்தினாள். ஜாஸ்பின் தலையில் அடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

வில்லன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அவன் வேலை என்னவென்றால், யார் வீட்டு வாசலிலாவது ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போவான். உள்ளே ஒரே ஒரு குச்சிதான் இருக்கும். உலகத்தில் எதற்கும் அர்த்தமில்லை, எல்லாம் கடைசியில் சாம்பல் என்று ஒரு சீட்டும் இருக்கும். அதைப் படித்து மனம் ஒடிந்து அவர்களாகவே கொளுத்திக்கொள்வார்கள். ஞானபூரணி அவனுக்கு ஒத்தக்குச்சி என்று பெயர் வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் வேறு. ஒரு பெட்டிக்கு ஒரு குச்சி போட்டு வெளியே அனுப்புகிறார்கள் என்றால் அது என்ன கம்பெனி, செக்கிங் பார்க்க ஆளே இல்லையா? எங்கள் கம்பெனி கேட்டில் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தால் முதலாளியையே உள்ளே விடமாட்டேன். இவன் பக்கத்துக்குப் பக்கம் உரசுகிறான். ஒரு இடத்தில் என்னை மறந்து, “ஏலே, அணைலே!” என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன். எதிர்வீட்டு ராமுத்தாய் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்துவிட்டது.

ஞானபூரணி கவலை அதைவிட வேறு. “இம்புட்டு புத்தகத்துல இந்தப் பய ஒரு வாய் சோறு தின்னானாங்க? எல்லாரும் அவன்கூடத் தத்துவம் பேசுறாக. ஒருத்தராச்சும் சாப்பிட்டியான்னு கேட்டாகளா? கேட்டிருந்தா இப்படி ஆயிருப்பானா?” என்று பொரிந்து தள்ளினாள்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். கடைசியில் ஒத்தக்குச்சியும் அவனைப் பிடிக்க வந்த பெண் போலீசும் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில். அவன் கையில் கடைசிக் குச்சி. உரசப் போகிறான். அடுத்த இரண்டு பக்கமும் வெள்ளை. ஒரு கோடு கிடையாது. அச்சு விட்டுப்போன பக்கம் என்று நினைத்து, மாப்பிள்ளை காலண்டர் பிரஸ்ஸில்தானே இருக்கிறார், அங்கே கொடுத்து மாற்றி வாங்கலாமா என்று கேட்டேன். அதுதான் முடிவே என்கிறாள் மகள். அதற்குப் பிறகு ஒரே ஒரு படம், மேசை மேல் மூடிய தீப்பெட்டி. அவ்வளவுதான் கதை. இதற்காக உலகம் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறதாம். அவன் உரசவில்லை, மனம் மாறிவிட்டான் என்பது ஜாஸ்பின் கட்சி. எல்லாம் எரிந்துவிட்டது, அதுதான் அழகு என்பது மாப்பிள்ளை கட்சி.

இதுக்காடி கோவிலில் எழுந்திருச்ச என்று நான் சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. “அப்பா, தீக்காய வார்டுல கட்டுப் பிரிக்கிறவ நான். எரியுறது அழகுன்னு சொல்றவருகூட எப்படிப்பா நான் காலந்தள்ள?” என்றாள். சம்பந்தி, கம்பெனியிலிருந்து அந்த வார்டுக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். என் மகள் சொல்வது விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்றே நினைத்தேன். உங்கள் மகனையோ எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நேற்று மத்தியானம் மாப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார். கையில் புது வருஷக் காலண்டர் ஒரு கட்டு, முகத்தில் பத்து நாள் காய்ச்சல். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே பேசினார். “நான் அவனுக்காகச் சொல்லல ஜாஸ்பின். அந்தக் கிட்டங்கிப் படத்துல கதவு தொறந்துதான் கெடந்துச்சு. அந்தப் போலீசு பொம்பளை ஓடியிருக்கலாம். ஓடல. ஒண்ணுமே இல்லன்னு சொல்றவன் பக்கத்துல கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா. அதத்தான் அழகுன்னேன். உங்க வார்டுல நீங்க செய்யுறதும் அதத்தானே?”

ஜாஸ்பின் அவர் கையிலிருந்த காலண்டர் கட்டை வாங்கிக்கொண்டு, “இத மொதல்லயே சொன்னா என்ன?” என்றாள்.

“எங்க சொல்ல விட்டீக? நேரா ஃபாதர்கிட்டல்ல போனீக!”

அவள் சிரித்துவிட்டாள். ஞானபூரணி உடனே, “மாப்ள, சாப்பிட்டீகளா?” என்று கேட்டாள். அவர் இல்லை என்றார், ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகென்ன, சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை என்று தட்டு நிரம்பியது. எனக்குத்தான் கண் கலங்கி, காலண்டரில் தேதி பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே தாங்கள் எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சேபணையை வாபஸ் வாங்கியாயிற்று, ஃபாதரும் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. கல்யாணம் முடியும்வரை இரண்டு வீட்டிலும் ஒத்தக்குச்சியைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது என்று வீட்டுப் பைபிள் முன்னால் எல்லாரும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவன் செத்தானா இருக்கானா என்பது அவரவர் மனசுக்குள் இருக்கட்டும். பெரியவர்கள் நாமும் அப்படியே இருந்து பிள்ளைகளுக்கு வழி காட்டுவோம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். தங்கள் இல்லத்தில் வெளிச்சம் மட்டும் இருக்கட்டும், நெருப்பு அடுப்போடு நிற்கட்டும் என்று ஆண்டவரை வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ம. சவரிராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், சும்மா ஒரு பேச்சுக்கு, “வெடிமருந்துல தீப்பிடிச்சா வெள்ளையாத்தான் அடிக்கும், அந்த ரெண்டு பக்கமும் அதான், அந்தப் பய செத்துட்டான்” என்று ஞானபூரணியிடம் சொன்னேன். “செத்தா தீப்பெட்டி மட்டும் எரியாம எப்படி மேசையில இருக்கு?” என்றாள். அது வேற தீப்பெட்டி என்றேன். அவ்வளவுதான், என் அனுபவத்தையும் என் மூளையையும் என் குடும்பத்தாரையும் சேர்த்து இழுத்துவிட்டாள். என்னோடு பேச்சு இல்லை. எங்களுக்கு அந்தக் காலத்தில் வாசித்த ஓலைக்கு இப்போது ஆட்சேபணை சொல்லலாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் கேட்கப் போகிறாளாம், எழுந்து நின்றாலும் நிற்பாள். தாங்களும் தங்கச்சியும் உடனே புறப்பட்டு வரவும். மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். சாப்பிட்டீகளா என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.