பீக் ஹவர் அண்ணனின் கரண்டுச் சந்தை

கரண்டை விற்றுப் பிழைப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. அணைக்கச் சொல்லிப் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் பீக் ஹவர் அண்ணன்தான்.

வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். நெல்லைக்காரரான அவருக்கு மட்டும் ஆபீஸ் வேலை. ஐரோப்பாவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்டை இழுக்கும் பீக் ஹவரில், அங்குள்ள தொழிற்சாலைகளிடம் மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கம்ப்யூட்டரில் கேட்பார். சம்மதித்தால் அவர்களுக்குப் பணம். சும்மா இருப்பதற்குக் கூலியா என்று எங்களுக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பைத்தியம் ரூமுக்கும் வந்தது. சாயங்காலம் வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் ஒன்றாக ஓடி, தினமும் ஃப்யூஸ் போகும். அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பவனுக்குக் காலையில் பாத்ரூமில் முதல் டேர்ன் என்று அண்ணன் சட்டம் போட்டார். எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூம், வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை, பிறந்ததிலிருந்து சட்டையை அயர்ன் பண்ணாத புதுக்கோட்டைச் செல்வம், நேற்று அயர்ன் பண்ணவில்லை என்று துண்டோடு முதலில் நின்றான். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடாத மெஷின நிறுத்துனேன்னு ஐரோப்பாக்காரனும் இதத்தாம்ல செய்யுதான்."

விஷயம் கட்டட மேனேஜர் காதுக்குப் போனது. அவர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து விவரம் கேட்டார். இவரும் வாயெல்லாம் பல்லாக விளக்கினார். கரண்டு பில்லை மிச்சம் பிடிக்க, அடுத்த வாரமே கட்டடம் முழுக்க மதியம் ஏசி நின்றது. மதியத்தில் ரூமில் யார் இருக்கப்போகிறார்கள் என்றாராம் மேனேஜர். நைட் டூட்டி முடிந்து வந்த எங்கள் ரூம் காதர் பாய் இருந்தார். ஆகஸ்ட் வெக்கையில் கண்மூடாமல் கிடந்துவிட்டு, ராத்திரி கிரேனில் ஏறவேண்டிய மனிதர். நாசமாய்ப் போன மேனேஜர் அணைப்பதை மட்டும் கற்றுக்கொண்டு, கேட்பதை விட்டுவிட்டார்.

அண்ணன் மேனேஜரிடம் போய் நின்றார். கூடப் போன என் காதுபடவே சொன்னார்.

"கேக்கணும் சார். அவன் மாட்டேன்னா விட்ரணும். அம்புட்டுதான் சார் மார்க்கெட்டே."

கலாஸ், பேச்சு முடிந்தது என்று கதவைச் சாத்தினார் மேனேஜர்.

என் வாயால்தானே பாய்க்கு இந்தக் கதி என்று அண்ணன் புலம்பினார். மறுநாள் முதல் பாயைத் தன் ஆபீஸ் மீட்டிங் ரூமில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். ஒருநாள் பாயின் குறட்டை, பக்கத்து அறை வீடியோ மீட்டிங் வழியாக ஐரோப்பாவரை கேட்டுவிட்டது. அண்ணனுக்கு வேலை போனது, விசாவும் போனது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் இன்றும் மதியம் ஏசி கிடையாது. ஆனால் எங்கள் ரூமில் லைட்டை அணைக்கும் முன் எவனாவது ஒருவன், "அணைக்கவா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அண்ணன் திரும்பி வரட்டும். அவர் எதையும் அணைக்க வேண்டாம். காலையில் முதல் டேர்ன் அவருக்குத்தான்.