கண் சிமிட்டினால்தான் பென்ஷன்

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆம்பூர் டேனரியில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் வேலை. ரிட்டயரான பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ‘ஆள் இருக்கிறான்’ என்று பதிய வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். விரலை வைத்தால் போதும் என்பார்கள். என் விரலில் ரேகையே இல்லை, சுண்ணாம்பு தின்றுவிட்டது. (திருட்டுக்கு ஏற்ற கை. வேலைக்குப் போய் வீணாக்கிவிட்டேன்.)

கம்பெனிக்குப் புதிதாக வந்த எச்.ஆர். பெண் எஸ்தர், அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்களுக்குப் பென்ஷன் வகுப்பு எடுத்தாள். செய்து காட்ட என்னைக் கூப்பிட்டாள். என் மனைவி ராணியும் வந்தாள். (சமோசா தருவார்கள் என்று சொல்லியிருந்தேன்.)

“ரேகை இல்லன்னா பரவால்ல தாத்தா. போன்ல மூஞ்சிய காட்டி கண்ண சிமிட்டுங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

இங்கே திருப்பத்தூர் ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே எடுத்த எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் கண்ணை மூடிவிட்டேன். பார்த்தவர்களெல்லாம், தூங்கிக்கொண்டிருந்தவனுக்கா கட்டி வைத்தார்கள் என்று ராணியிடம் துக்கம் விசாரித்தார்கள். அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் என் இமை மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

எஸ்தர் போனை நீட்டினாள். நான் விறைத்து நின்றேன்.

“சிமிட்டுங்க தாத்தா.”

“சிமிட்டினா போட்டோ கெட்டுப்பூடும்மா.”

“சிமிட்டலன்னா, செத்தவர் போட்டோவ காட்டி ஏமாத்துறோம்னு போன் நெனச்சுக்கும்.”

புரிந்தது. இமைக்குத்தான் புரியவில்லை. கண்ணீர் தாரையாக வழிந்தது. எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. ஆணும் பெண்ணும் அத்தனை பேர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். போன் மட்டும் ‘பதியவில்லை, பதியவில்லை’ என்றே காட்டியது.

ராணி பாதி சமோசாவோடு எழுந்து வந்தாள். “இன்னாய்யா, தெருவுல போறவள பாத்தா சிமிட்டுற கண்ணு, பென்ஷனுக்கு சிமிட்டாதா?”

கேட்ட வேகத்தில் என் முகத்தில் பலமாக ஊதினாள். சமோசாத் துகள் கண்ணில் விழுந்தது. சிமிட்டினேன். பதிந்துவிட்டது.

அந்த வகுப்பு இப்போதும் நடக்கிறதாம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில் ஆதார், போனுக்குக் கீழே எஸ்தர் ‘சம்சாரம்’ என்று எழுதிப் போடுகிறாளாம். வீட்டில் நான் சற்று அசையாமல் உட்கார்ந்தால் போதும், ராணி வந்து முகத்தில் ஊதுகிறாள்.

“இன்னாடி?”

“ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்.”