சேப்டி வால்வும் கொழுக்கட்டை மாவும்

அரிமளம்,
பகுதான்ய வருடம் ஆவணி 12, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் ரெங்கராஜுக்கு, அத்தான் சிவசாமி அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நான், உன் அக்கா பிரகதாம்பாள், குழந்தை செங்கமலம், மாட்டுக் கொட்டகைக் கூரை ஆகிய அனைவரும் அம்மன் கிருபையால் முழுசாக இருக்கிறோம். அவ்விடம் உன் சுகத்துக்கும், திருச்சியில் உனக்கு வேலை கொடுத்திருக்கும் இரும்புச் சாமான் கடை முதலாளியின் சுகத்துக்கும் பதில் எழுதவும். கூரையை எதற்குச் சேர்த்தேன் என்பது கீழே வரும்.

முதல் காரியம். போன வாரம் நான் எழுதிக் கேட்ட சாமான் எதுவும் இனி வேண்டாம். ஸ்டாப் வால்வு வேண்டாம், குழாயை முடக்குகிற எல்போ வேண்டாம், செப்புக் குழாய் ஒரு சாண்கூட வேண்டாம். பார்சல் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. சமஸ்தானத்து ரிஜிஸ்தர் கச்சேரியில் முப்பது வருஷம் பத்திரம் நகலெடுத்தவனுக்கு, பென்ஷன் வாங்கின கையோடு நீராவி இஞ்சின் எதற்கு என்று நீ அன்றைக்கே கேட்டாய். கேட்டது சரி. போதுமா?

ஆனால் நடந்ததில் உனக்கும் பங்கு உண்டு, மாப்பிள்ளை. சீமைக்குத் திரும்பின ஒரு ரயில்வே துரையின் தட்டுமுட்டுச் சாமான் ஏலத்தில் அந்தக் குட்டி இஞ்சினை நான் எடுத்தபோது, செப்பு பாய்லர் இருந்தது, சிலிண்டர் இருந்தது, சக்கரம் இருந்தது. குழாயும் வால்வும்தான் இல்லை. பாய்லர் ஒரு பெரிய சொம்பு அளவு என்று எழுதினேனா இல்லையா? நீ அனுப்பினதோ தெருக்குழாய்க்குப் போடுகிற வால்வு! மாட்டினேன், பாய்லர் வால்வோடு குப்புறக் கவிழ்ந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அளவு சரி, மரை சேரவில்லை. உன் வால்வின் மரை நெருக்கம், துரையின் பாய்லர் மரை அகலம். சணல் சுற்றி இறுக்கிப் பார்த்தேன், பாதித் தண்ணீர் என் வேட்டியில். கடைசியில் பழைய ஸ்டவ் ஒன்றை உடைத்து அதன் குழாயையும், ஸ்டாப் வால்வுக்குப் பதிலாக அதன் திருகையும் எடுத்துப் பற்றவைத்துக்கொண்டேன். சேப்டி வால்வுக்கு வழி சொன்னது சைக்கிள் கடைச் சந்தனம்தான். "ஐயா, ஓட்டை மேல ஒரு சைக்கிள் குண்டை வைங்க, அதுக்கு மேல ஸ்பிரிங் போட்டு அமுக்குங்க. ஆவி மிஞ்சிப் போனா குண்டு தானா எந்திரிச்சு வழி விடும். அது பாட்டுக்கு உஸ்ஸுனு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் உசுருக்குப் பயமில்லீங்க" என்றான். செங்கமலம்தான் குண்டைப் பிடித்துக்கொண்டாள், நான் ஸ்பிரிங்கை வெட்டினேன்.

இனி வெள்ளிக்கிழமைக் கதை. கீரமங்கலத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் பழனிச்சாமி தம் மகனுக்காகச் சம்சாரத்தோடு செங்கமலத்தைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இது மூன்றாவது இடம். முதல் இடம் ஜாதகத்தில் போனது. இரண்டாவது இடத்துக்காரர்கள், நான் வால்வுகளின் தராதரத்தை ஒரு மணி நேரம் விளக்கினதும், "பொண்ணு தங்கம், அப்பாதான் ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து உன் அக்கா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா என் பிள்ளை வீட்டோட நின்னுரும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இஞ்சினைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன்.

ராகு காலம் கழித்துப் பன்னிரண்டுக்கு வருகிறோம் என்றார்கள். சரி, அதற்குள் ஒரே ஒரு தடவை என்று கொட்டகையில் பாய்லருக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். அவர்கள் ராகு காலத்துக்கு முன்னாடியே ஒன்பதரைக்கு வண்டியிலிருந்து இறங்கினால் நான் என்ன செய்ய? கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து கும்பிட்டேன். பேச்சு நன்றாகத்தான் போனது. அப்போது பின்பக்கம் உஸ்ஸென்று கிளம்பியது.

"என்னங்க அது, பாம்பா?" என்றார் பழனிச்சாமியின் சம்சாரம்.

"இல்ல மதினி, மாடு பெருமூச்சு விடுது" என்று சொல்லிவிட்டு உன் அக்கா உள்ளே போனாள். சத்தம் நின்றது. திரும்பி வந்து வெற்றிலைத் தட்டை வைக்கிற சாக்கில் என் காதில், "கொழுக்கட்டை மாவை வச்சு அப்பி, துணியைச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டேன். புட்டுப் பானை ஒழுகுனா அடைக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள்.

அடைத்தது சேப்டி வால்வை, அடியில் விளக்கு எரிகிறது, பாய்லர் வெடிக்காமல் என்ன செய்யும்? "அப்ப பொண்ணை வரச் சொல்லுங்க" என்று பழனிச்சாமி சொல்லவும், நான் எழுந்து ஓடவும் சரியாக இருந்தது. அவரும் பின்னால் ஓடிவந்தார். அவர் பின்னால் பெண்கள்.

போனால், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கமலம் அங்கே நிற்கிறாள். அம்மா மாவு எடுத்துப் போனதைப் பார்த்ததுமே ஓடியிருக்கிறாள். "அப்பா, கிட்ட வராதீங்க!" என்றாள். விளக்கை இடுக்கியால் வெளியே இழுத்துவிட்டு, ஸ்டாப் வால்வை மெள்ளத் திருகினாள். அடைபட்ட ஆவி சிலிண்டருக்குப் பாய்ந்தது. எட்டு மாசமாக ஒரு சுற்றுகூடச் சுற்றாத சக்கரம், மாப்பிள்ளை, கிர்ரென்று சுற்றியது!

பழனிச்சாமி சக்கரம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தீயை எடுத்தாப் பத்தாதாம்மா? எதுக்கு வால்வைத் தொறந்தே?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கிற ஆவி எங்கிட்டுங்க போகும்? மேல அடைச்சிருக்குல்ல" என்றாள்.

சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர் சம்சாரம் சகுனம், கிகுனம் என்று ஆரம்பித்தார். பழனிச்சாமி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பசிக்குது, எலையைப் போடச் சொல்லுங்க சம்பந்தி" என்றார். ரெங்கராஜ், நான் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். மீந்த மாவில் பிடித்த கொழுக்கட்டையில் ஏழு சாப்பிட்டார். தை மாசம் கல்யாணம்.

இஞ்சினைக் கோணியில் கட்டி உன் அக்கா பரணில் ஏற்றிவிட்டாள். நான் குறுக்கே நிற்கவில்லை. இனி நீராவி என்றால் எனக்கு இட்லிப் பானையோடு சரி. நீ தீர்க்காயுசாக இருந்து, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்து சேர்ந்து, காரியங்களை முன்நின்று நடத்தவும். உன் முதலாளிக்கு என் கும்பிடு.

இப்படிக்கு ஆசீர்வாதத்துடன்,
சிவசாமி.

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது சம்பந்தி தனியாக வந்து இறங்கினார். முகூர்த்தம் பேச வந்திருக்கிறார் என்று உன் அக்கா காப்பி போடப் போனாள். அவர் என்னை ஓரமாக இழுத்து, "அந்த இஞ்சின் எங்கிட்டு இருக்கு, சம்பந்தி? என் மில்லுல இருவது வருசமா இஞ்சின் ஓடுது, டிரைவர் என்னைய ஒரு திருகைத் தொட விட்டதில்லங்க" என்றார். ஏணியை அவர் பிடித்தார், பரணில் நான் ஏறினேன். ஆகையால் மேலே எழுதினது அத்தனையும் ரத்து. ஸ்டாப் வால்வு இரண்டு, எல்போ நாலு, செப்புக் குழாய் மூன்று முழம், சேப்டி வால்வு ஒன்று உடனே அனுப்பு. சேப்டி வால்வு மட்டும் மாவால் அடைக்க முடியாத தினுசாக இருக்கட்டும். பார்சலின் மேல் கொட்டை எழுத்தில் 'கல்யாணச் சாமான்' என்று எழுது.